கிராஷ் பண்டிகூட் இரசிகர் குழுவில் சேர விரும்புவோருக்கு: வாசகர் கேள்வி-பதில்

பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகள் பற்றியும், அவற்றுக்காக இணையத்தில் இயங்கும் இரசிகர் குழுக்கள் பற்றியும் திருகோணமலை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்து இங்கே.

உப்புவெளி வாசகர்: பள்ளிக்கூடக் காலத்தில் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து, டவுனில் ஒரு கேம் கடையில் கிராஷ் பண்டிகூட் விளையாடியவன் நான். அண்மையில் இணையத்தில் ஓர் இரசிகர் குழுவில் சேர்ந்தேன். “முதற் பாகத்தில் ஒருமுறைகூடச் சாகாமல் எல்லாப் பெட்டிகளையும் உடைத்தால்தான் இரத்தினக்கல் கிடைக்கும்” என்று எழுதினேன். நாலு பேர் உடனே பிழை என்றார்கள். வெட்கமாகப் போய் வெளியே வந்துவிட்டேன். நான் சொன்னது பிழையா? திரும்பவும் சேரலாமா?

நீங்கள் சொன்னது சரி. அவர்கள் சொன்னதும் சரி. 1996இல் நோட்டி டோக் நிறுவனம் செய்த முதற் பாகத்தில் நீங்கள் எழுதியதுதான் விதி. 2017இல் விக்காரியஸ் விஷன்ஸ் நிறுவனம் முதல் மூன்று பாகங்களையும் புதிதாகச் செய்து ‘என். சேன் ட்ரிலோஜி’ என்று வெளியிட்டபோது அந்த விதியைத் தளர்த்திவிட்டது. அதில் நிறமற்ற கல்லுக்கு இடையில் செத்தாலும் பரவாயில்லை, நிறக் கல்லுக்கு மட்டும்தான் பழைய கட்டுப்பாடு. நீங்கள் 1996ஐ மனத்தில் வைத்து எழுதினீர்கள், அவர்கள் 2017ஐ மனத்தில் வைத்து வாசித்தார்கள். ‘பழைய பிளேஸ்டேஷனில்’ என்று ஒரு சொல் கூட எழுதியிருந்தால் அந்த நாலு பேரும் உங்களோடு ஒத்துப்போயிருப்பார்கள். கட்டாயம் திரும்பவும் சேருங்கள்.

இந்தக் குழுக்களில் எழும் வாக்குவாதங்களில் அரைவாசி இப்படிப்பட்டதுதான். இன்னோர் உதாரணம், முதற் பாகத்தின் ‘ரோட் டு நோவேர்’ தொங்குபாலம். பழைய சீடியில் பழகிய கை 2017 மீளாக்கத்தில் விளையாடும்போது பலகைக்குப் பலகை விழும். கை மறந்துபோனதால் அல்ல. மீளாக்கத்தில் கிராஷின் கால்பகுதி உருண்டையாகக் கணக்கிடப்படுவதால், பலகை விளிம்பில் இறங்கினால் வழுக்கும். பாய்ந்தபின் கீழே வரும் வேகமும் அதிகம். ‘பாலம் கஷ்டம்’ என்று ஒருவர் எழுத, ‘எனக்கு லேசு’ என்று இன்னொருவர் பதில் எழுதினால், இருவரும் இரண்டு வேறு பாலங்களைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சேருவதற்கு முதல், உங்கள் கையில் இருந்தது எது என்று கண்டுபிடியுங்கள். சீடி இன்னும் வீட்டில் இருந்தால் வேலை சுலபம். அசல் சீடியின் முகத்தில் ஓர் இலக்கம் இருக்கும்: முதற் பாகத்தின் அமெரிக்கப் பதிப்பு எஸ்சியூஎஸ்-94900, ஐரோப்பியப் பதிப்பு எஸ்சிஇஎஸ்-00344. எங்கள் ஊர்க் கடைகளில் ஓடியவற்றில் பெரும்பாலானவை கொப்பி அடித்த சீடிகள். அவற்றின் மேல் மார்க்கர் பேனையால் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கும். அதையும் கண்டுபிடிக்கலாம். சீடியைக் கணினியில் போட்டுத் திறந்தால் உள்ளே இதே இலக்கத்தைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்பு இருக்கும். அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பெயர் எஸ்சியூஎஸ், அடிக்கோடு, 949, புள்ளி, 00 என்று வரும். சீடியே இல்லை என்றால் நினைவைக் கேளுங்கள். பழைய ரிவியில் படம் கறுப்பு-வெள்ளையாக வந்ததா? எங்கள் நாட்டு ரிவிகள் ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் நிறம் காட்டுபவை. அமெரிக்க அல்லது யப்பான் பதிப்பை அவற்றில் போட்டால் பல வேளை நிறம் போய்விடும்.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். அமெரிக்கப் பதிப்பில் திரை செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்படும், ஐரோப்பியப் பதிப்பில் 50 முறை. ‘இந்தக் கட்டத்தை ஒரு நிமிடத்தில் முடித்தேன்’ என்ற பேச்சுக்குப் பதிப்பு தெரியாமல் பெறுமதி இல்லை. வேகமாக முடிப்போர் தங்கள் நேரங்களைப் பதியும் ஸ்பீட்ரன் தளத்திலும் எந்தப் பதிப்பு, எந்தக் கருவி என்பதைக் குறிப்பிட வேண்டும்.

சேரும் இடங்களைப் பொறுத்தவரை, அன்றாடப் பேச்சு நடப்பது டிஸ்கோர்ட் என்ற உரையாடல் செயலியில், நீண்ட பதிவுகளும் பழைய படங்களும் ரெடிட் என்ற கருத்துக்களத் தளத்தில். டிஸ்கோர்டில் சேர்ந்தவுடன் எழுத முடியாவிட்டால் போன் பழுது என்று நினைக்க வேண்டாம். குழு நடத்துவோர் பாதுகாப்பு அளவை உயர்த்தி வைத்திருந்தால் புதியவர் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். இன்னும் உயர்த்தியிருந்தால் தொலைபேசி இலக்கத்தை உறுதிப்படுத்த வேண்டும். பல குழுக்களில் விதிகள் பகுதிக்குப் போய் அங்குள்ள ஒரு குறியை அழுத்தினால்தான் மற்ற அறைகள் கண்ணுக்கே தெரியும். காத்திருக்கும் நேரத்தில் ஒவ்வோர் அறையின் மேலேயும் ஊசி குத்தி வைத்த பதிவுகளை வாசியுங்கள். நீங்கள் கேட்க இருக்கும் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

முதல் பதிவில் நாலு விஷயம் போதும்: எந்தப் பாகம், எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, என்ன கேள்வி. ‘கிராஷ் 2, பிளேஸ்டேஷன் 1, ஐரோப்பியப் பதிப்பு. இன்ன கட்டத்தில் இரண்டு பெட்டி குறைகிறது, எங்கே ஒளிந்திருக்கும்?’ இப்படிக் கேட்டால் சில நிமிடத்திலேயே பதில் வரும். உங்கள் ஆங்கிலம் சின்ன வசனமாக இருக்கட்டும், குறை இல்லை. அங்கே எழுதுவோரில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். 2020இல் வந்த நாலாம் பாகத்தின் கதையை டிஸ்கோர்டில் சொல்வதானால் அந்த வரியின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு நெட்டுக்கோடு போடுங்கள். வசனம் மறைந்து நிற்கும், விரும்பியவர் தொட்டுப் பார்ப்பார்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் கேட்க வேண்டாம்: ‘விளையாட்டை இறக்க லிங்க் இருக்கா?’ சின்ன வயதில் கொப்பி சீடியில் விளையாடினேன் என்று சொல்வதற்காக யாரும் உங்களை வெளியேற்றப்போவதில்லை, இந்தக் கேள்விக்காக வெளியேற்றுவார்கள். ட்ரிலோஜி 2018 முதல் கணினிக்கும் விற்பனையில் இருக்கிறது. சுமார் 30 ஜிபி இடம் வேண்டும், விலை டொலரில் அறவிடப்படும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவையுங்கள்.

கடைசியாக, வெட்கப்பட்ட உங்களிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. மணிக்கூட்டைப் பார்த்துக் காசு வாங்கிய கடை, படத்தை எடுத்து ஒட்டிய கவர், லேசரின் கோளாறு தெரிந்து கவிழ்த்து வைத்து ஓட்டிய கொன்சோல். முதல் மொடல்களில் லேசர் நகரும் பகுதி பிளாஸ்டிக்கில் இருந்ததால் சூட்டிலும் தேய்விலும் சாய்ந்துபோகும். கவிழ்த்தால் சாய்வு சிறிது காலத்துக்கு ஈடாகும். இலங்கைக் கடைகளில் இந்த விளையாட்டுகள் எப்படி ஓடின என்று எழுதி வைத்தவர் மிகக் குறைவு. பழைய சீடிக் கவர் கிடந்தால் இருபக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். இரசிகர்கள் ஆசையோடு சேர்ப்பது இப்படிப்பட்டவற்றைத்தான்.

மூதூர் வாசகர்: கிராஷ் 3இல் 105 வீதம் முடித்த மெமரி காட் 15 வருஷமாக அலுமாரியில் கிடக்கிறது. குழுவில் காட்ட ஆசை. பற்றரி இறந்து எல்லாம் அழிந்திருக்குமா?

அழிந்திருக்காது. பிளேஸ்டேஷன் 1 மெமரி காட்டுக்குள் பற்றரியே இல்லை. மின்சாரம் இல்லாமலே நினைவு வைக்கும் சிப்தான் இருக்கிறது. 128 கிலோபைட், பாவிக்கக்கூடியது 15 சேமிப்புக் கட்டம். (பற்றரி செத்து எல்லாம் அழிவது கேம் போயின் பழைய போக்கிமோன் காட்ரிஜ்களில். வைத்திருப்பவர்கள் இருந்தால் கவனம்: பற்றரியைக் கழற்றிய கணமே சேமிப்பு போய்விடும்.)

கெட்டிருப்பது தொடுமுனைகளாக இருக்கலாம். கடற்காற்றின் உப்பும் மாரி ஈரமும் சேர்ந்தால் அந்தத் தகடுகளில் பச்சை படியும். காட்டைக் கொன்சோலில் செருகுவதற்கு முதல் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோப்பைல் அல்ககோலில் தோய்த்து, தகடுகள் ஓடும் திசையிலேயே துடையுங்கள். குறுக்கே துடைத்தால் அழுக்கு அடுத்த தகட்டுக்குப் போகும். 90 வீதத்துக்கு மேல் உள்ளதை இலத்திரனியல் திருத்தும் கடையில் கேளுங்கள். பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கும், அது படலமாக நின்றுவிடும். அழிறப்பரால் உரசவும் வேண்டாம், மேற்பூச்சு கழன்றுவிடும். துடைத்தபின் அரை மணித்தியாலம் காயவிடுங்கள்.

காட் வாசிக்கப்பட்டதும் முதல் வேலை இன்னொரு பிரதி எடுப்பது. பிளேஸ்டேஷன் 2 இருந்தால் பழைய காட்டை அப்படியே செருகலாம். அதன் மெனுவுக்குள் போய், பிளேஸ்டேஷன் 2இன் 8 எம்பி காட்டுக்குச் சேமிப்பை மாற்றிவையுங்கள். அங்கிருந்து விளையாட முடியாது, ஆனால் வேண்டியபோது பழைய காட்டுக்குத் திருப்பி எடுக்கலாம். வாசிக்கவில்லை என்று திரையில் வந்தால் ‘ஃபோர்மட் செய்யவா’ என்ற கேள்விக்கு ஆம் என்று அழுத்த வேண்டாம். கழற்றி, திரும்பவும் துடைத்து, மற்றச் செருகுவாயிலும் போட்டுப் பாருங்கள்.

சீடியையும் எடுக்கப்போகிறீர்கள் என்றால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். பளபளப்பான அடிப்பக்கக் கீறலை விட, பெயர் எழுதிய மேற்பக்கக் கீறல்தான் ஆபத்து. தகவல் படலம் அந்தப் பக்கத்துப் பூச்சுக்கு உடனே கீழே இருக்கிறது.

முதற் பாகத்தைச் சேமிக்கக் காட் இல்லாமல் விளையாடியவர்கள், பழைய சீ.ஆர். கொப்பிகளையும் தேடிப் பாருங்கள். முக்கோணம், வட்டம், சதுரம், பெருக்கல் குறி என்று வரிசையாக எழுதி வைத்த கடவுக்குறி இருந்தால், அதே பதிப்பில் போட்டால் இன்றும் வேலை செய்யும். அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்.

மத்திய வீதி வாசகர்: குழுவில் அறிமுகமான ஒருவர் “நான் செய்த கிராஷ் மாதிரி விளையாட்டு, சோதித்துச் சொல்லுங்கள்” என்று கோப்பு அனுப்பினார். திறந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் என் பெயரில் எல்லோருக்கும் அதே செய்தி போயிருக்கிறது.

ஒன்றும் நடக்காதது போல் தெரிவதுதான் அதன் வேலை. அந்தக் கோப்பு உங்கள் கணினியில் டிஸ்கோர்ட் விட்டு வைத்திருக்கும் நுழைவுச் சாவியை எடுத்து அனுப்பிவிடும். அது கிடைத்தவருக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. உங்களுக்கு அனுப்பியவரும் அநேகமாக உங்களைப் போல் அகப்பட்டவர்தான்.

அந்தக் கணினியில் எதையும் மாற்ற வேண்டாம், புதியதையும் அது பிடித்துக்கொள்ளும். போனில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்றியதும் பழைய சாவி செல்லாமல் போகும். அடுத்து, இதே கடவுச்சொல் மின்னஞ்சலுக்கும் இருந்தால் அதையும் உடனே மாற்றுங்கள். அமைப்புகளில் இணைந்துள்ள கருவிகளையும், அனுமதி கொடுத்த செயலிகளையும் பார்த்துத் தெரியாதவற்றை நீக்குங்கள். பிறகு இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, அப்போது தரப்படும் மாற்று இலக்கங்களைத் தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் உள்ளே போக அவைதான் வழி. கணினியில் உள்ள முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் எங்கள் ஆலோசனை. இவ்வளவும் முடிந்தபின் குழு நடத்துவோருக்கு நடந்ததை எழுதுங்கள். பெரும்பாலும் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள்.

போனால் ஸ்கேன் செய்யச் சொல்லி வரும் கியூஆர் குறியும் இதே வேலையைச் செய்யும். அதை ஸ்கேன் செய்து சம்மதம் கொடுத்தால் உங்கள் கணக்கு அடுத்தவர் கணினியில் திறந்துகொள்ளும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 12 வயது. தகப்பனோடு சேர்ந்து கிராஷ் விளையாடுகிறான். தானும் குழுவில் சேர வேண்டும் என்கிறான்.

டிஸ்கோர்டில் ஆகக் குறைந்த வயது 13. வயதைக் கூட்டிப் பதிந்தால் பிறகு தெரியவரும்போது கணக்கு மூடப்படும், அவன் சேர்த்ததெல்லாம் போய்விடும். அதுவரை தகப்பனின் கணக்கில், தகப்பன் பக்கத்தில் இருக்க, அவன் வரைந்த படங்களைப் போடலாம். 13 ஆனதும் குடும்பக் கண்காணிப்பு வசதியை இணையுங்கள். யாரோடு தொடர்பு என்று உங்களுக்குத் தெரியும், என்ன எழுதினான் என்று தெரியாது. குழு உறுப்பினர் தனிச்செய்தி அனுப்புவதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். படிக்கும் பாடசாலை, சீருடை, வீட்டு வாசல் எதுவும் படத்தில் விழக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நிலாவெளி வாசகர்: குழுவின் போட்டிகள், குரல் உரையாடல்கள் எல்லாம் நடுச்சாமத்தில் வருகின்றன. டேட்டாவும் கரைகிறது. என்ன செய்யலாம்?

நேரத்தை மாற்ற முடியாது. நியூயோர்க்கில் கோடையில் இரவு 8 மணி என்றால் எங்களுக்கு மறுநாள் விடிய 5.30. லண்டனில் கோடையில் மாலை 7 மணி இங்கே இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. அந்த நாடுகளில் வருஷத்துக்கு இருமுறை மணிக்கூடு மாற்றுவார்கள், நாங்கள் மாற்றுவதில்லை; பங்குனியில் பலர் ஒரு மணித்தியாலம் பிந்திப் போவதும் ஐப்பசிக் கடைசியில் ஒரு மணித்தியாலம் முந்திப் போவதும் இதனால்தான். அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே நாளில் மாற்றுவதும் இல்லை. டிஸ்கோர்டின் நேரக்குறியைப் பாவித்து அறிவித்தால் அவரவர் ஊர் நேரம் தானாகக் காட்டும். அறிவிப்பவரிடம் அதைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

டேட்டாவைத் தின்பது குரல் அல்ல. வழமையான 64 கிலோபிட்டில் ஒருவர் தொடர்ந்து கதைத்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 29 எம்பிதான். ஒருவர் விளையாடுவதைக் காணொளியாகப் பார்த்தால், 2500 கிலோபிட்டில் மணித்தியாலத்துக்கு 1.1 ஜிபி போகும். ஆகவே குரல் அறையில் இருந்துகொண்டு காணொளியைத் திறக்காமல் விடுங்கள், போட்டியின் பதிவு பிறகு யூடியூப்பில் ஏறினால் 360 தரத்தில் பாருங்கள். பழைய பிளேஸ்டேஷன் படம் 240 வரிகள்தான். போன் திரையில் அதற்கு மேல் தரம் கூட்டியும் பெரிதாக எதுவும் கூடுதலாகத் தெரியாது.