உப்புநீர்த் தொட்டி: வாசகர் கேள்விகள், ஆச்சியின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபேரி ராஸ் என்கிற, பவளப்பாறைகளில் வாழும் நிறம் நிறமான சிறு கடல் மீன்களைப் பற்றியவை. நம் செட்டிநாட்டுப் பக்கம் இத்தனை பேர் கடல் மீன் வளர்க்கிறீர்கள் என்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதனால் இந்த முறை முழுக்க அவைதான்.

ஆச்சிக்கு வணக்கம். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக ஃபேரி ராஸில் சோலொரென்சிஸ் என்ற வகை ஆண் ஒன்று தனியாக இருந்தது. போன வாரம் லபாக், ரெட்ஃபின் என்ற வேறு இரண்டு வகைகளில் ஒவ்வொரு ஆண் வாங்கி விட்டேன். பழையது புதியவற்றை மூலையில் ஒதுக்கிவிட்டது. லபாக் சாப்பிடவே வருவதில்லை. ஒரு தொட்டியில் எத்தனை ஆண்களை வைக்கலாம்?
– தேவகோட்டை வாசகர்

தம்பி, முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். துளை போட்ட கண்ணாடி அக்ரிலிக் பெட்டி ஒன்றை வாங்கித் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். அதில் சோலொரென்சிஸைப் பிடித்துப் போடுங்கள். எல்லோரும் புதிய மீனைத்தான் பெட்டியில் போடுவார்கள். இங்கே அடிக்கிறவன் பழையவன், ஆகவே அவன்தான் உள்ளே போக வேண்டும். புதியவை இரண்டும் தொட்டி முழுக்கச் சுற்றட்டும், பாறைச் சந்துகளைப் பழகட்டும், தைரியமாகச் சாப்பிடட்டும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து, விளக்கை அணைக்கும் நேரமாகப் பார்த்து அவனை வெளியே விடுங்கள். அதற்கு முன்பு பாறைகளைக் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள். தன் இடம் எது என்று அவன் மறுபடி தேட வேண்டியிருக்கும். அதற்கப்புறமும் துரத்தினால், தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடிக்கு வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான், மற்றவை மூச்சு விடும். இது சில நாளைக்கு மட்டும்.

அடுத்து எண்ணிக்கை. உங்கள் தொட்டி கிட்டத்தட்ட 450 லிட்டர். பாறையும் மணலும் போக 380, 400 நிற்கும். அதில் வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று நான்கு ஆண்கள் தாராளமாக இருக்கலாம். ஒரே வகையில் இரண்டு ஆண்கள் மட்டும் கூடாது. நெருங்கிய சொந்தமும் கூடாது: சோலொரென்சிஸும் சயனோப்ளூராவும் ஏறக்குறைய ஒரே குடும்பத்துப் பங்காளிகள், ஒன்றையொன்று எதிரியாகவே பார்க்கும். நிறத்திலும் துடுப்பு அமைப்பிலும் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

எண்ணிக்கையைவிட உள்ளே விடும் வரிசைதான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். கடலில் இவை பவளப்பாறைச் சரிவின் கீழே, உடைந்த பவளத் துண்டுகள் குவிந்த இடங்களில், கூட்டமாக நின்று, தண்ணீரில் மிதந்து வரும் மிகச் சிறிய உயிரினங்களைத் தின்னும். அங்கே பல வகைகள் கலந்தே திரிகின்றன, ஏனென்றால் தோற்றவன் விலகிப் போக இடம் இருக்கிறது. தொட்டியில் அது இல்லை. முதலில் வந்தவன் முழுத் தொட்டியையும் தனக்கே எடுத்துக்கொள்வான். ஆகவே சாதுவானவை முதலில்: லபாக், ரெட்ஃபின், இவற்றுக்குச் சித்தப்பா பிள்ளைகள் போன்ற ஃப்ளாஷர் ராஸ். முரடர்களான சோலொரென்சிஸ், ஸ்காட் ராஸ் கடைசியில். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டும். சிக்ஸ்லைன் ராஸ் மட்டும் இந்தக் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம். விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் புதிதாக வரும் ராஸ் எதையும் நிம்மதியாக இருக்க விடாது.

இன்னொன்றும் கவனியுங்கள். இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று துடுப்பை விரித்து நிறத்தைக் காட்டிவிட்டுப் பிரிந்துபோனால் அது சண்டை இல்லை, அவற்றின் அன்றாடப் பேச்சு அது. துடுப்பு கிழிவது, மேல் மூலையில் வேகமாகச் செவுள் அடித்துக்கொண்டு நிற்பது, சாப்பாட்டுக்கு வராமல் இருப்பது, இவைதான் ஆபத்து. உங்கள் லபாக் அந்த நிலையில் இருப்பதால் நாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

வாங்கும்போது ஆண் மீன் ரத்தச் சிவப்பாக இருந்தது. இப்போது வெளிறிப் போய், பெண் மீன் மாதிரி இருக்கிறது. நோய் எதுவும் தெரியவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. நிறம் கூட்டும் தீவனம் ஏதாவது சொல்லுங்கள் ஆச்சி.
– குன்றக்குடி வாசகி

தீவனத்தில் குறை இருந்தால் சரி செய்யலாம். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மீன் தனியாக இருக்கிறது என்று தோன்றுகிறது. வேறு ராஸ் எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை.

இந்த மீன்கள் எல்லாம் பெண்ணாகவே வாழ்க்கையைத் தொடங்குபவை. ஒரு கூட்டத்தில் ஒரு பெரிய ஆண், அதைச் சுற்றிப் பல பெண்கள். ஆண் செத்துப்போனாலோ பிடிபட்டாலோ, பெண்களில் பெரியது சில வாரங்களில் ஆணாக மாறிவிடும். உடம்பு, துடுப்பு, நிறம், உள்ளே இனப்பெருக்க உறுப்பு, எல்லாமே மாறும். அப்படி வந்த நிறத்தை அது காட்டுவது பெண்களுக்கும் பக்கத்து ஆணுக்கும். பார்க்க யாருமில்லாத தொட்டியில் பல ஆண்கள் மெல்ல மெல்ல மங்கிவிடுகின்றன. ஹவாய்த் தீவுகளின் ஃப்ளேம் ராஸ் வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி சொல்வார்கள்.

ஆகவே அதே வகையில் இரண்டு மூன்று பெண் மீன்கள் வாங்குங்கள். ஆணைவிடச் சிறியதாகப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் பெண்ணுக்கு விலையும் குறைவு, கேட்பாரும் குறைவு. எல்லோரும் ஆணையே கேட்பதால் கடைக்காரர் வரவழைப்பதே இல்லை, சொல்லி வைத்தால் வரும். அதே வகை கிடைக்காவிட்டால் வேறு வகை ஆண் ஒன்று பக்கத்தில் இருப்பதும் ஓரளவு உதவும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் யோசனை: ஆணே வாங்காதீர்கள். ஒரே வகையில், ஒன்று பெரியது மற்றவை சிறியது என்று பெண்களாக வாங்கிவிடுங்கள். பெரியது உங்கள் கண் முன்னே ஆணாகும். முதலில் முதுகுத் துடுப்பின் ஓரத்தில் ஒரு கோடு வரும், அப்புறம் வயிற்றுத் துடுப்பு நீளும், தலையின் நிறம் பிரியும். வாரா வாரம் ஒரு படம் எடுத்து வைத்தால் அந்த மாற்றம் துல்லியமாகத் தெரியும்.

அந்த நிறத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் மாலையில் விளக்கு மங்கும் நேரத்தில் தொட்டி முன்னால் உட்காருங்கள். எங்கள் வீட்டுப் பட்டாலையில் இருக்கும் தொட்டியில் நான் தினமும் பார்ப்பது இது: ஆண் முதுகுத் துடுப்பைப் பாய்மரம்போல் நிமிர்த்தி, பெண்களுக்கு மேலாகச் சாய்வாகப் பாய்வான். அந்த ஒரு கணத்தில் பக்கவாட்டில் நீலக்கோடுகள் பளிச்சென்று எரிந்து அணையும். திரும்பி வருவான், மறுபடி எரியும். பகலில் மந்தமான ஆரஞ்சாகத் தெரிகிற அதே மீன்தான் அது. கடலிலும் இவை முட்டையிடுவது அந்திப் பொழுதில்தான், ஆணும் பெண்ணும் மேல்நோக்கிப் பாய்ந்து தண்ணீரில் முட்டையை விட்டுவிடும்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். இவை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பவை. ஒரு வேளை வயிறு நிறையக் கொடுப்பதைவிட, மூன்று வேளை சிறிது சிறிதாகக் கொடுங்கள். உறைய வைத்த மைசிஸ், ஆர்ட்டீமியா (இரண்டும் பொடி இறால் போன்ற உயிர்கள்), பொடிக் குறுணைத் தீவனம். சந்தையில் நல்ல இறால் கிடைத்த அன்று, தோலும் நரம்பும் எடுத்து, கழுவி, கடுகளவு நறுக்கிப் பச்சையாகப் போடலாம்.

காலையில் எழுந்து பார்த்தால் மீன் ஆத்தங்குடி ஓட்டுத் தரையில் காய்ந்து கிடந்தது. தொட்டிக்குக் கண்ணாடி மூடி இருக்கிறது, பின்பக்கம் குழாய் போகும் இடத்தில் மட்டும் நாலு விரல் திறப்பு.
– கானாடுகாத்தான் வாசகர்

படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அந்த நாலு விரல் போதும் அதற்கு. துரத்தப்படும்போதும், விளக்கு சட்டென்று எரியும்போதும் அணையும்போதும், இந்த மீன் மேல்நோக்கித்தான் பாயும். ஃபேரி ராஸ் சாவதற்கு நோயைவிடத் தாவுவது பெரிய காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

முழுக் கண்ணாடி மூடி நம் ஊர் வெயிலுக்கு ஆகாது, சூடு உள்ளேயே நிற்கும். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவரிடம் தொட்டி அளவைக் கொடுத்தால், அலுமினியச் சட்டத்தில் வலை கட்டித் தருவார். கறுப்பு வலை வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும். பவளம் வளர்ப்பவர்கள் கால் அங்குலக் கண்ணுள்ள வெள்ளை நைலான் வலை கட்டச் சொல்லுங்கள். குழாய், ஒயர் போகும் இடங்களில் சட்டத்தை அளந்து வெட்டி, மீதி இடைவெளியை வலைத் துண்டால் அடையுங்கள். விளக்கு படிப்படியாக மங்கும்படி டைமர் வைத்தால் இன்னும் நல்லது.

ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். மீன் பாறைச் சந்தில் சளி மாதிரி ஒரு பைக்குள் அசையாமல் கிடந்தது. நோயா?
– பள்ளத்தூர் வாசகி

நோய் இல்லை, தூங்குகிறது. அந்தச் சளிக்கூட்டை அதுவே தினமும் செய்துகொள்ளும், காலையில் கிழிந்து மிதப்பதைப் பார்க்கலாம். கிளிமீன்களும் இப்படித்தான் தூங்கும். இரவில் ரத்தம் உறிஞ்ச வரும் சிறு ஒட்டுண்ணிகளிடமிருந்து கூடு காப்பாற்றுகிறது என்று கிளிமீன்களில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். டார்ச் மட்டும் இனி வேண்டாம் அம்மா. பயந்தால் கூட்டை உடைத்துக்கொண்டு பாயும்.

எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடித்து அண்டாவில் வைத்திருக்கிறோம். உப்புக் கலக்க அது ஆகுமா? போர் தண்ணீர் ரொம்பக் கடினம். வெயில் காலத்தை எப்படிச் சமாளிப்பது?
– காரைக்குடி வாசகர்

மழைத்தண்ணீர் நல்ல தண்ணீர்தான், அண்டாதான் பிரச்சினை. நம் வீடுகளில் அண்டா என்றால் செம்பு, இல்லை பித்தளை. செம்பு கொஞ்சம் கரைந்தாலும் பவளம், இறால், நத்தை எல்லாம் செத்துவிடும். ஓட்டுத் தூசியும் புறா எச்சமும் வேறு சேர்ந்து வரும். உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து, ஆர்.ஓ., அதற்குப் பின்னால் மிச்சமிருக்கும் உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் டீஅயனைஸிங் பிசின், இரண்டிலும் வடித்து, கரைந்த பொருட்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டினால் தாராளமாக உப்புக் கலக்கலாம். போர் தண்ணீரை வடிப்பதைவிடப் பிசின் நெடுநாள் உழைக்கும். உப்பின் அளவு, அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 என்று காட்ட வேண்டும்.

வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் இதைப் பிடிப்பது கஷ்டம். நீர்ப்பரப்பில் விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும், ஆகவே குறைந்த அளவுக்கு வடித்த நல்ல தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே நிற்கும் என்பதால், மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கட்டாயம் வேண்டும்.

நம் பக்கத்துக் கடலில் ஃபேரி ராஸ் உண்டா ஆச்சி?
– புதுவயல் பள்ளி மாணவி

இந்தியப் பெருங்கடலில் நிறைய உண்டு. எக்ஸ்க்விசிட் ராஸ் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து பசிபிக் வரை பரவியிருக்கிறது. நமக்குத் தெற்கே மாலத்தீவில், 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில், ரோஜா நிறத்தில் ஒன்று வாழ்கிறது. அதைச் சாகோஸ் தீவுகளில் கிடைத்த வேறொரு வகை என்றே பல வருடம் நினைத்திருந்தார்கள். 2022-இல்தான் அது தனி இனம் என்று உறுதி செய்து, மாலத்தீவின் தேசிய மலரான ரோஜாவின் பெயரால் சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆய்வில் மாலத்தீவைச் சேர்ந்த அகமது நஜீபும் ஒருவர். மாலத்தீவு மீன் ஒன்றுக்கு அந்நாட்டு ஆய்வாளரே சேர்ந்து அறிவியல் பெயர் வைத்தது அதுவே முதல் முறை. பெயர் வைப்பதற்கு முன்பே அது வளர்ப்பு மீன் வியாபாரத்தில் விற்றுக்கொண்டிருந்தது! பெரியவளாகி நீயும் கடலுயிர் படி அம்மா, பெயரில்லாமல் விற்கப்படுகிற மீன்கள் இன்னும் எத்தனையோ.

ராமேஸ்வரம் போகும்போது பவளக்கல் எடுத்து வந்து தொட்டியில் போடலாமா?
– திருப்பத்தூர் வாசகர்

கூடவே கூடாது. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த கல்லாக இருந்தாலும் எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்ததே அங்குள்ள கடலுயிர்களைக் காப்பாற்றத்தான். கடைகளில் களிமண்ணைச் சுட்டுச் செய்த செயற்கைப் பாறை கிடைக்கிறது. சந்து நிறைய உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், உங்கள் ராஸ்களுக்கு ராத்திரி தூங்க ஆளுக்கு ஒரு பொந்து வேண்டும்.