கசான்ல ரெண்டாவதா ஒலிச்ச கீதம்

கேள்வி: என் பொண்ணு ரஷ்யாவுல கசான் நகரத்துல எம்.பி.பி.எஸ். படிக்கிறா. காலேஜ் விழாவுல ரஷ்ய தேசிய கீதம் முடிஞ்ச கையோட இன்னொரு பாட்டு போட்டாங்களாம், யாருமே உட்காரலையாம். அதுல முதல் பாதி ரஷ்ய மொழியே இல்லைங்கறா. ஒரு நாட்டுக்கு ரெண்டு கீதமா சார்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்க பொண்ணு கேட்டது தாத்தர்ஸ்தான் குடியரசோட கீதம்மா. கசான் அதோட தலைநகரம். ரஷ்யாவுக்குள்ள இந்த மாதிரி நிறைய குடியரசுகள் இருக்கு, 1993 அரசியல் சட்டப்படி ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு அரசியல் சட்டம் வெச்சுக்கலாம், ரஷ்ய மொழியோட சேர்த்து தன் சொந்த மொழியையும் ஆட்சி மொழியாக்கிக்கலாம். கொடி, கீதம் எல்லாம் அதோட ஒட்டி வர்றதுதான். ரெண்டு கீதமும் ஒரே மேடையில வந்தா ரஷ்ய கீதம்தான் முதல்ல, குடியரசு கீதம் அடுத்து. அந்தக் குடியரசோட தலைவர் பதவியேற்பு, அவங்க சட்டசபை கூட்டத்தொடர் மாதிரியான இடங்கள்ல கட்டாயம் இருக்கும். ஆகஸ்ட் 30 அங்க குடியரசு நாள், 1990-ல அன்னைக்குத்தான் இறையாண்மைப் பிரகடனம் பண்ணாங்க. ஒலிக்கும்போது எழுந்து நிக்கணும், ஆம்பளைங்க தொப்பியைக் கழட்டிடணும். உங்க பொண்ணையும் நிக்கச் சொல்லுங்க, கூடப் பாடணும்னு இல்ல.

பாதிப் பாட்டு புரியலைன்னாங்கல்ல, காரணம் இதுதான். முதல் பகுதி தாத்தர் மொழியில, அடுத்தது ரஷ்ய மொழியில. 2010 கணக்கெடுப்புப்படி அங்க 53 சதவீதம் பேர் தாத்தர்கள், ரஷ்யர்கள் 40 சதவீதத்துக்குக் கிட்ட, அதனால ஒரே மேடையில ரெண்டு பேரும் தன் மொழியைக் கேக்கணும்னு இப்படி வெச்சது ரொம்ப சரியான ஏற்பாடுன்னு நான் நினைக்கிறேன், அதுவும் தாத்தர் மொழி முதல்ல வர்றது அழகு.

கேள்வி: தாத்தர்ஸ்தான் கீதத்துக்கு ரொம்ப வருஷம் வரிகளே இல்லையாமே, உண்மையா?
- வாசகர், காரைக்குடி

பதில்: உண்மைதாங்க. 1993-ல ஏத்துக்கிட்டப்போ வெறும் இசை மட்டும்தான், ருஸ்தம் யாகின்னு பெரிய தாத்தர் இசையமைப்பாளரோடது, அதே வருஷம் அவரும் காலமாயிட்டார். தாத்தர் நாட்டுப்புற இசை நம்ம மோகனம் மாதிரி அஞ்சு ஸ்வரத்துல ஓடுறது, அதனால நமக்குக் கேக்க அந்நியமா இருக்காது. வரி இல்லாதது அப்போ வித்தியாசமாவும் தெரியல, ஏன்னா மாஸ்கோவுலயே அந்தப் பத்து வருஷமும் ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்காவோட இசையை வரி இல்லாமத்தான் வாசிச்சிட்டு இருந்தாங்க, 2000-ல பழைய சோவியத் மெட்டைத் திரும்பக் கொண்டுவந்து கவிஞர் மிகல்கோவ் புது வரி எழுதினார். கசான்ல அதுக்கப்புறமும் 2013 வரைக்கும் ஆச்சு. கவிஞர் ரமசான் பைத்திமிரோவோட கவிதையை எடுத்துக்கிட்டு, ரஷ்யப் பகுதிய பிலிப் பிராயேவ் எழுதினார். அதே வருஷம் ஜூலையில கசான்ல யுனிவர்சியாட்ங்கற உலகப் பல்கலைக்கழக மாணவர் விளையாட்டுப் போட்டிகள் நடந்துச்சு.

ரஷ்யாவுக்குள்ளயே இருக்கிற இன்னொரு குடியரசான தாகெஸ்தான்லயும் இதே கதைதான். 2003 கீதத்துக்கு வரி கிடையாது. பத்துக்கும் மேல மொழிகள் இருக்கிற ஊர், எந்த மொழியில எழுதினாலும் மத்தவங்களுக்கு வருத்தம். 2016-ல ரசூல் கம்சாதோவ் கவிதையை வெச்சு புது கீதம் கொண்டுவந்தாங்க. அவர் எழுதினது அங்கத்த மொழிகள்ல ஒண்ணான அவார் மொழியில, கீதமா பாடுறது ரஷ்ய மொழியில. இதை நான் பெரிய இழப்பாத்தான் பாக்கறேன்.

கேள்வி: கீதத்துல இருந்தா தாத்தர் மொழி பிழைச்சிடுமா?
- வாசகர், சேலம்

பதில்: பிழைக்காதுங்க. தாத்தர்ஸ்தான் பள்ளிக்கூடங்கள்ல தாத்தர் மொழி எல்லாப் பிள்ளைங்களுக்கும் கட்டாயப் பாடமா இருந்துச்சு. 2017-ல மாஸ்கோவோட அழுத்தத்துல அது பெத்தவங்க விரும்பினா மட்டும், வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்னு ஆயிடுச்சு. அடுத்த வருஷம் ரஷ்யா முழுக்கவே தாய்மொழிப் பாடத்தை விருப்பப் பாடம்னு சட்டமாக்கிட்டாங்க. 2023-லேர்ந்து அங்க தலைவருக்கு ஜனாதிபதிங்கற பட்டமும் கிடையாது, ரயீஸ்னு மாத்திட்டாங்க. கீதத்து மேல யாரும் கை வைக்கல. ஆனா ஆகஸ்ட் 30 அன்னைக்கு முதல் பகுதியைப் பாடுற பிள்ளைக்கு அது புரியணும்னா வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் போதவே போதாது, வீட்டுலயும் அந்த மொழி பேசணும், பள்ளிக்கூடத்துலயும் கணக்கு அறிவியலெல்லாம் அதுல சொல்லித் தரணும்.