ஏரியைச் சீரமைக்க ஒருநாள் முகாம் போதுமா?

சேலத்தில் எங்கள் பகுதி ஏரியைச் சீரமைக்க ஒருநாள் துப்புரவு முகாம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, ஆனால் ஆட்களைச் சேர்க்க அதுவே நல்ல தொடக்கம்.

சேர்வராயன் மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சியை ஒட்டியுள்ள மூக்கனேரியைப் பாருங்கள். சேலம் மக்கள் குழு 2010இல் அங்கே பணியைத் தொடங்கியபோது, தூர்வாரிய மண்ணை லாரியில் வெளியேற்றாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரக்கன்றுகளை நட்டதால், வண்டிச் செலவு மிச்சமானதோடு, வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ள, பறவைகளுக்கும் இடம் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

முதலில் ஏரி எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிந்து, எழுத்துவடிவில் அனுமதி பெறுங்கள். அடுத்து, மழைக்கு முன்பே வரத்துக் கால்வாயின் அடைப்பை நீக்குங்கள். மலைநீர் வந்து சேராவிட்டால், தூர்வாரிய ஏரியும் வறண்டே கிடக்கும். பிறகு, நடும் மரக்கன்றுகளுக்கு வாரந்தோறும் தண்ணீர் ஊற்றத் தெருவுக்கு இருவரையாவது பொறுப்பாக்குங்கள்.