‘எல்லாம் புரியுது, பேசத்தான் மாட்டேங்குறா’

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். ஏழெட்டு வார்த்தைதான் பேசுகிறாள். ஆனால் நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. கும்பகோணத்தில் ஒரு தனியார் மையத்தில் டேப்லெட்டில் படங்களைக் காட்டி, ஆங்கிலத்தில் பெயர் சொல்லித் தொடச் சொன்னார்கள். ‘புரிதல் ஒரு வயதுக் குழந்தை அளவுதான்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதப் பயிற்சிக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். இந்த வாரமே கட்டினால் சலுகையாம். மாமியாரோ ‘அவளுக்கு எல்லாம் தெரியும், பேசுறப்ப பேசுவா’ என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
- ஒரு தாய், பாபநாசம்

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். பணமும் கட்ட வேண்டாம். இந்த வாரச் சலுகை என்பது ஜவுளிக்கடையில் இருக்கலாம், குழந்தைக்கான பயிற்சியில் இருக்கக் கூடாது.

முதலில் மாமியார் சொல்வதைப் பார்ப்போம். ‘வா, டாட்டா போலாம்’ என்று சொல்லும்போது உங்கள் கையில் அவளுடைய சட்டை இருக்கிறது, கண் வாசலைப் பார்க்கிறது. ‘தட்டு எடுத்துட்டு வா’ என்பது தினமும் சோறு போடும் நேரத்தில் சொல்வது. சொல்லே காதில் விழாவிட்டாலும் அவள் தட்டை எடுத்து வருவாள். இந்த வயதுக் குழந்தைகள் சூழ்நிலையைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். கண், கை, குரல், வழக்கம் நான்கையும் கழித்துவிட்டு, வெறும் சொல்லை மட்டும் வைத்து அவளால் என்ன செய்ய முடிகிறது என்பதுதான் கேள்வி.

அதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சாப்பிட்டு, தூங்கி எழுந்து நல்ல மனநிலையில் இருக்கும்போது, டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சீப்பு, ஒரு கரண்டி. நாலும் அவளுக்குப் பழகிய பொருளாக இருக்கட்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தை மட்டும் பார்த்து, ‘சீப்பைத் தட்டுல வை’ என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். இங்கே அவள் இரண்டு சொல்லைப் பிடிக்க வேண்டும்: சீப்பா கரண்டியா, தட்டா டம்ளரா. தரையில் சீப்பும் தட்டும் மட்டும் இருந்தால் அது சோதனையே இல்லை, வேறு என்னதான் செய்வாள்? அப்புறம் ‘கரண்டியை டம்ளர்ல போடு’, ‘சீப்பை டம்ளர்ல போடு’ என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். நாலில் ஒன்று குருட்டாம்போக்கிலேயே சரியாக வந்துவிடும். அதனால் ஒருமுறை சரியாகச் செய்ததும் கை தட்டி எழுந்துவிடாதீர்கள். எட்டு, பத்து முறை வேண்டும், அதையும் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டரை வயதையொட்டி இப்படி இரண்டு சொல்லைப் பிடிக்க வேண்டும், மூன்றை ஒட்டி மூன்று சொல். ‘மேல’, ‘உள்ள’, ‘கீழ’ இவற்றை இப்போது சோதித்து மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சொம்பைக் கண்டால் உள்ளே போடுவதும், பலகையைக் கண்டால் மேலே வைப்பதும் சின்னக் குழந்தைகளின் வழக்கம். சொன்னது எதுவானாலும் அப்படித்தான் செய்வார்கள். ஈவ் கிளார்க் என்ற மொழியியலாளர் 1973-லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்.

இனி அந்த மையத்தின் அறிக்கை. வீட்டில் யாரும் பேசாத ஆங்கிலத்தில் கேட்டால் பாபநாசத்துக் குழந்தை எதைத் தொடும்? தொடாததை வைத்து ‘ஒரு வயது’ என்று எழுதுவது வாய்க்கு வந்த கணக்கு. நியாயமான அறிக்கையில் எந்த அளவுகோல், எந்த மொழி, பதில் சொன்னது குழந்தையா தாயா என்ற மூன்றும் இருக்கும். ரீல்ஸ் (REELS), திருவனந்தபுரத்தில் உருவாக்கிய லெஸ்ட் (LEST) போன்ற மொழி வளர்ச்சி அளவுகோல்கள் பெரும்பாலும் தாயிடம் கேட்டு நிரப்புபவை. நீங்கள் ‘எல்லாம் புரியும்’ என்று சொன்னால் அதுவும் அப்படியே பதிவாகிவிடும்.

கீழே கையெழுத்துப் போட்டவரின் பதிவு எண்ணையும் பாருங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் இந்த வேலையைச் செய்யலாம். எண் இல்லையென்றால் கேளுங்கள், முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு வார வகுப்பு முடித்து, சுவரில் சான்றிதழ் மாட்டியவர்கள் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை பிடித்துக் கொடுத்து கமிஷன் வாங்கும் பிளே ஸ்கூல்களும் உண்டு. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். ஆயிரம் ரூபாய்! ஒரு நாள் வசூலில் கட்டிவிடுவார்கள். நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை அறுத்துவிட்டால் பேச்சு வரும் என்று ஒருவர் சொல்வார், மூளைக்கு டானிக் என்று இன்னொருவர் நீட்டுவார். புரிதலுக்கும் நாக்குக்கும் சம்பந்தமே இல்லை. பேச்சு வர வேண்டிக்கொள்ளும் இன்னம்பூர், கூத்தனூர் கோயில்களுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், அங்கே யாரும் 45,000 கேட்கப் போவதில்லை.

தமிழில் சோதித்தால் போதும் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் வீட்டுக்கு இது பொருந்தாது, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. கும்பகோணத்தில் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன, தஞ்சாவூரில் மராத்தி, கடற்கரைப் பக்கம் சில வீடுகளில் உருது. அந்தக் குழந்தைகளைத் தமிழில் மட்டும் சோதித்தால் பாதிக் குழந்தையைத்தான் சோதித்ததாகும். பாட்டியை உட்கார வைத்து அவர் மொழியிலும் கேட்க வேண்டும், பிறகு இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பொருளின் பெயர் ஒரு மொழியில் தெரிந்தாலே தெரிந்த கணக்குதான். இரண்டு மொழியால்தான் பேச்சு தாமதம், ஒன்றை நிறுத்துங்கள் என்று சொல்பவர் சொல்வதைக் கேட்காதீர்கள். பாட்டி வாயை மூடிக்கொண்டால் குழந்தைக்கு நஷ்டமே தவிர லாபமில்லை.

எதற்கும் முன்னால் காது. கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிறாளே என்பீர்கள். அது போதாது. சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் பெரிய சத்தம் கேட்கும், மெல்லிய மெய்யொலிகள் நழுவும். பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருந்தாலும் இப்போது மறுபடி பார்த்தாக வேண்டும். காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் நடுக்காதைப் பார்க்கச் சொல்லுங்கள், உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.ஈ. (OAE) சோதனை, தேவையானால் ஒலி காது நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா (BERA) சோதனையும் செய்யட்டும். காது பார்க்காமல் எழுதிய மொழி அறிக்கையை நான் கையில்கூட வாங்குவதில்லை.

சீப்பு-கரண்டி சோதனையில் பெரும்பாலும் சரியாகச் செய்து, காதும் நன்றாக இருந்தால், பேச்சுதான் தாமதம். இது நல்ல அறிகுறி. பயிற்சி தேவைப்படலாம், அவசரம் குறைவு. தடுமாறினால், அல்லது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், விரல் நீட்டி எதையும் காட்டாமல் இருந்தால், மூன்று வயது முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் (DEIC) போங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அங்கே சோதனையும் பயிற்சியும் இலவசம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் மருத்துவக் குழுவிடமும் பரிந்துரைச் சீட்டு வாங்கலாம். ஆனால் கூச்சல் போடும் பிள்ளைகளுக்கு நடுவே அவர்கள் போடும் ஒரு டிக்கை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த இரைச்சலில் யாருடைய புரிதலையும் அளக்க முடியாது. மையத்தில் பேச்சுப் பயிற்சியாளர் எந்தெந்த நாளில் இருப்பார் என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போட்டால் எத்தனை தாய்மார்களுக்கு பஸ் காசு மிச்சமாகும்! யாருக்கு அந்த அக்கறை?

போகும்போது காது பரிசோதனைச் சீட்டையும், நீங்கள் குறித்து வைத்த சீப்பு-கரண்டிக் கணக்கையும் எடுத்துப் போங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள்.