ப்ரௌசிங் சென்டரில் இன்காக்னிட்டோ விண்டோவை மூடிவிட்டு வந்தால் போதுமா?

வேலைக்கு விண்ணப்பிக்கவும் பிரின்ட் எடுக்கவும் ப்ரௌசிங் சென்டருக்குப் போகிறேன், குரோமில் இன்காக்னிட்டோ (மூடியதும் பார்த்ததை மறந்துவிடும் தனி விண்டோ) போட்டு ஜிமெயில் திறந்து, முடிந்ததும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கிவிட்டு வந்துவிடுகிறேன், இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள்.

திறப்பதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் (N) மூன்றையும் சேர்த்து அமுக்கினால் போதும். பயர்பாக்ஸில் என்-னுக்குப் பதில் பி. வெளியே வருவதில்தான் கோட்டை விடுகிறார்கள். குரோமில் எத்தனை இன்காக்னிட்டோ விண்டோ திறந்திருந்தாலும் அத்தனைக்கும் குக்கீ, அதாவது உங்கள் லாகினை நினைவில் வைத்திருக்கும் சின்னத் தகவல், பொதுதான். நீங்கள் ஒன்றை மூடுகிறீர்கள், இன்னொன்று டாஸ்க்பாரில் மினிமைஸ் ஆகிக் கிடக்கிறது என்றால் உங்கள் லாகின் அப்படியே உயிரோடு இருக்கிறது. கடைசி விண்டோவும் மூடினால்தான் குக்கீ அழியும். பயர்பாக்ஸிலும் இதே கதைதான். சஃபாரி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி, பிரைவேட் டேப் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும், ஆனால் நம் ஊர் சென்டரில் மேக் எங்கே இருக்கிறது!

இதை அப்படியே திருப்பிப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் தன் இன்காக்னிட்டோ விண்டோவை மூடாமல் மினிமைஸ் செய்துவிட்டுப் போயிருந்தால், நீங்கள் புதிதாகத் திறப்பதும் அவருடைய செஷனில்தான் போய்ச் சேரும். ஜிமெயில் என்று அடித்ததும் யாரோ ஒருவருடைய இன்பாக்ஸ் வந்து நிற்கும். அதனால் உட்கார்ந்தவுடன் முதல் வேலை, ஏற்கெனவே திறந்திருக்கும் இன்காக்னிட்டோ எல்லாவற்றையும் மூடுவது. ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம், வலது மேல் மூலையில் தொப்பி கண்ணாடி படத்தோடு இன்காக்னிட்டோ என்று எழுதியிருக்கும், அதை அமுக்கினால் எல்லா இன்காக்னிட்டோ விண்டோக்களையும் ஒரேயடியாக மூடும் வழி அங்கேயே இருக்கிறது. கிளம்பும்போதும் அதையே செய்யுங்கள். அதற்கு முன் ஜிமெயிலிலிருந்து சைன் அவுட் செய்துவிட்டால் இன்னும் நல்லது.

சரி, எல்லாம் மூடியாயிற்று. அப்புறமும் மிச்சமிருப்பது டவுன்லோட். இன்காக்னிட்டோ மறப்பது ஹிஸ்டரி, குக்கீ, படிவத்தில் அடித்தது, இவ்வளவுதான். நீங்கள் இறக்கிய ஃபைல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே உட்கார்ந்திருக்கும். எந்த சென்டரிலும் அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், ஊரில் பாதிப் பேருடைய ஹால் டிக்கெட்டும் மார்க் ஷீட்டும் ஆதாரும் கிடக்கும். இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம், அவ்வளவுதான் அந்த பாஸ்வேர்ட். பக்கத்திலேயே உங்கள் பயோடேட்டாவும் கிடந்தால் பூட்டையும் சாவியையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வந்த மாதிரி. ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு டெலீட் அமுக்குங்கள், வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். கடைக்காரர் "என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்க, எடுத்துத் தர்றேன்" என்று சொன்னால் இன்காக்னிட்டோவுக்கு அங்கே வேலையே இல்லை, அது அவர் போனில் போய் உட்கார்ந்துவிடும், பிரின்ட் வந்ததும் அழிக்கச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. விண்டோவை மூடினால் அந்த கம்ப்யூட்டரில் உங்கள் லாகின் அழிந்துவிடும், ஆனால் உங்கள் போனில் இணைத்த சாதனங்கள் பட்டியலில் அது இன்னும் நிற்கும். அதைத் தொட்டு லாக் அவுட் கொடுங்கள்.

போனில் இன்காக்னிட்டோ போட்டுவிட்டு ஹோம் பட்டனை அமுக்குவது வெளியேறுவது ஆகாது. ஆண்ட்ராய்டில் மேலிருந்து இழுத்தால் எல்லா இன்காக்னிட்டோ டேப்பையும் மூடச் சொல்லி ஒரு நோட்டிஃபிகேஷன் இருக்கும், அதைத் தொட்டால் முடிந்தது.

இன்காக்னிட்டோவில் இருந்தால் யாருக்குமே தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள், அதெல்லாம் இல்லை. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று இணைய நிறுவனத்துக்கும் வைஃபை வைத்திருப்பவருக்கும் தெரிய வாய்ப்பிருக்கிறது, போகிற தளத்துக்கும் ஐபி முகவரி (அந்த இணைய இணைப்பின் எண்) தெரியும். இன்காக்னிட்டோவில் இருந்தும் தகவல் திரட்டினார்கள் என்று கூகுள் மேல் அமெரிக்காவில் 2020-இல் வழக்குப் போட்டார்கள், 2024-இல் வெளியான சமரச விதிகளின்படி பழைய பதிவுகளை அழிக்க கூகுள் ஒத்துக்கொண்டது. அதைவிட, அந்த கம்ப்யூட்டரில் யாராவது கீலாகர், அதாவது அடிக்கும் எழுத்தையெல்லாம் ரகசியமாகப் பதிவு செய்யும் மென்பொருள், போட்டு வைத்திருந்தால் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்ட் எந்த விண்டோவாக இருந்தாலும் பதிவாகும். ஆகவே பேங்க் வேலையை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள், போனிலேயே முடியுங்கள்.

சில இடங்களில் இன்காக்னிட்டோவையே அணைத்து வைத்திருப்பார்கள், மெனுவில் இருக்காது அல்லது அமுக்க வராது. அப்போது கெஸ்ட் விண்டோ கிடைக்கிறதா பாருங்கள், புரொஃபைல் படத்தை அமுக்கினால் தெரியும். அதுவும் இல்லையென்றால் சாதாரண விண்டோவிலேயே வேலையை முடித்து, சைன் அவுட் செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் அமுக்கிக் கடைசி ஒரு மணி நேரம் என்று மட்டும் தேர்ந்தெடுத்து அழியுங்கள். எல்லா நேரமும் என்று கொடுத்தால் கடைக்காரர் லாகின் செய்து வைத்திருப்பதும் சேர்ந்து போய்விடும், அடுத்த முறை போகும்போது நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.