கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

பட்டறைப் பதில்கள்: கடலூர் செம்மண்டலத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பதில் சொல்கிறார்.

கேள்வி: என்னுடையது எட்டு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார், மேனுவல் கியர். 70,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்று கத்துகிறது. காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது. கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும், 25,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இறக்கிவிடலாமா?
(வாசகர், ரெட்டிச்சாவடி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள் ஐயா. முதலில் டிரைவர் பக்கத்துக் கால்மிதி மேட்டை எடுத்து வெளியே போடுங்கள். சிரிக்காதீர்கள். இதே புகாரோடு ஒரு வாத்தியார் என்னிடம் வந்தார். தடிமனான ரப்பர் மேட் மடங்கி கிளட்ச் பெடலுக்கு அடியில் கிடந்தது. பெடல் கடைசிவரை இறங்கவில்லை, கிளட்ச் முழுசாக விடவில்லை, கியர் கத்தியது. மேட்டை உருவியதும் சத்தம் போய்விட்டது. இதற்கு என்ன கூலி கேட்பது? ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன்.

மேட் ஒழுங்காக இருந்தால் அடுத்த சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து, எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு கியர் பல்லோடு பல் முட்டி விழாமல் நிற்கும். வண்டியை லேசாக அசைத்துவிட்டுப் போடுங்கள். அணைத்திருக்கும்போது லேசாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கோளாறு பெரும்பாலும் கிளட்சில்தான். கேபிள் வண்டி என்றால் கேபிள் தளர்ந்திருக்கும். ஹைட்ராலிக் என்றால் ஆயில் குறைந்து காற்று புகுந்திருக்கும். இரண்டு நிலையிலும் இறுக்கம் என்றால், கியர் லிவரிலிருந்து போகும் கேபிளையும் அதன் முனைகளையும் முதலில் பாருங்கள். நம் பக்கத்து உப்புக் காற்று லேசுப்பட்டதில்லை. தேவனாம்பட்டினத்தில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிகளில் ஆயில் இறக்கும் டிரைன் நட்டே துருவேறி ஒட்டிக்கொண்டு ஸ்பானருக்கு அசையாது.

ரிவர்ஸ் சத்தத்துக்குத் தனிக் காரணமும் உண்டு. பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ ரிங், அதாவது கியர் பல்லின் வேகத்தைச் சமன் செய்யும் வளையம், கிடையாது. சுற்றிக்கொண்டிருக்கும் பல்லைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சை மிதித்து மூன்று எண்ணிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் முன்னே போகும் கியர் ஒன்றைப் போட்டுவிட்டு அப்புறம் ரிவர்ஸுக்கு வாருங்கள். நான் தொழில் பழகிய பழைய அம்பாசடரில் முதல் கியருக்கே சிங்க்ரோ இல்லை. வண்டி முழுசாக நிற்பதற்குள் ஃபர்ஸ்ட் போட்டால் முதலாளி மண்டையில் குட்டுவார்.

காலையில் மட்டும் இரண்டாவது கியர் அடம்பிடித்து, நாலைந்து கிலோமீட்டர் ஓடியதும் சரியாகிறதா? அப்படியானால் கியர் ஆயிலைப் பாருங்கள். பாட்டிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருக்கும். ஐந்து என்றால் உசத்தி என்று நினைத்து ஊற்றிவிடுகிறார்கள். ஜிஎல்-5 முக்கியமாக, சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் வரும் கடுமையான அழுத்தத்துக்கானது. அதில் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் மருந்து அதிகம். சில கியர் பாக்ஸில் சிங்க்ரோவின் பித்தளை வளையத்தை அது அரிக்கும், வளையத்துக்குப் பிடிமானமும் குறையும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். சூடான பிறகும் இரண்டாவது கத்தினால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. அப்போது இறக்கத்தான் வேண்டும். இறக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இறக்கும் கூலி ஒரு தடவையோடு போகும்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலில் எங்கள் காருக்குக் கதவு வரை தண்ணீர். இன்ஜின் ஆயில் மாற்றினோம். இப்போது வேகமாகப் போனால் கீழே ஊளை மாதிரி சத்தம் வருகிறது.
(வாசகி, ரெயின்போ நகர், புதுச்சேரி)

பதில்: கியர் ஆயிலை மாற்றவில்லை என்று புரிகிறது அம்மா. 2024 நவம்பர் 30 ராத்திரி அந்தப் புயல் கரையைக் கடந்த பிறகு, இங்கே தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்துகொண்டது. அந்த வாரங்களில் நான் திறந்த கியர் பாக்ஸ் சிலவற்றில் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. கியர் பாக்ஸ் மூடிய டப்பா இல்லை. மேலே மூச்சு விடச் சின்னத் துளை உண்டு. ஓடிச் சூடான பாக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே காற்று சுருங்கி, துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

ஆயிலை இறக்குங்கள். ஒரு விஷயம்: ஊற்றும் துளையின் நட்டு கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிரைன் நட்டைத் தொட வேண்டும். கீழே கொட்டிவிட்டு மேலே திறக்க முடியாமல் நின்ற அனுபவம் எனக்கே உண்டு. நிறம் வெளுத்திருந்தால் புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். டிரைன் நட்டில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. செதில் செதிலாக இரும்பு இருந்தால் சரியில்லை. ஊளை சத்தம் ஏற்கெனவே வந்துவிட்டதால் பேரிங் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் மட்டும் மாற்றினால் அது போகாது.

கேள்வி: ஏஎம்டி கார் வாங்கியிருக்கிறேன். ஆட்டோமேட்டிக்தானே, கிளட்ச் செலவு இல்லை அல்லவா?
(வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: பெடல்தான் இல்லை தம்பி, கிளட்ச் பிளேட் உள்ளேயே இருக்கிறது. ஏஎம்டி என்றால் மேனுவல் கியர் பாக்ஸ்தான், உங்கள் காலுக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது. 2014-ல் மாருதி செலேரியோ காரில் வந்ததிலிருந்து இதே குழப்பம்தான். பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், பிளேட் கருகும். நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: கேப்பர் மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா?
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: ஆகாது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டே குடிக்கும். இன்ஜின் பிடிமானமும் போய், இறக்கம் முழுக்க பிரேக்கை நம்பியே இறங்க வேண்டியிருக்கும்.