ஆர்ஜினேஸ்: கேட்டதும் சொன்னதும்

மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆர்ஜினேஸ் என்கிற நொதியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மாத்திரை எழுதித் தரச் சொல்லாதீர்கள், அது உங்கள் மருத்துவரின் வேலை.

நர்சிங் மாணவி: பாடத்தில் யூரியா சுழற்சியோடு இந்தப் பெயர் முடிந்துவிடுகிறது. வேறு வேலை கிடையாதா சார்?

உண்டு அம்மா. முதலில் பாடத்தில் இருப்பதைச் சொல்கிறேன். புரதம் உடையும்போது வரும் அம்மோனியா மூளைக்கு விஷம். கல்லீரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. 1932-இல் கிரெப்ஸ், ஹென்செலைட் என்ற விஞ்ஞானிகள் கண்டுபிடித்த அந்தச் சுழற்சியின் கடைசிப் படிதான் ஆர்ஜினேஸ். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை யூரியா, ஆர்னிதின் என இரண்டாக வெட்டும். அதற்கு மாங்கனீசு துணை வேண்டும்.

இனி பாடத்தில் விடுபடுவது. ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் இதே ஆர்ஜினினிலிருந்துதான் வருகிறது. ஒரு படி அரிசிக்கு இரண்டு உலை கொதிக்கிற மாதிரி. ஆர்ஜினேஸ் அதிகமாக அள்ளிக்கொண்டால் நைட்ரிக் ஆக்சைடுக்குக் குறையும். சில புற்றுநோய்க் கட்டிகளைச் சுற்றிச் சேரும் செல்களும் ஆர்ஜினேஸால் ஆர்ஜினினைத் தீர்த்துவிடும். அது இல்லாமல், புற்றுநோயை எதிர்க்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் சோர்ந்துபோகும்.

ஒரு தாய்: என் மகளுக்கு நாலு வயது. ஒன்றரை வயதில் நன்றாக நடந்தாள். இப்போது நுனிக்காலில் நடக்கிறாள், கால் விறைக்கிறது, பேச்சும் குறைந்துவிட்டது. பெருமூளை வாதம் என்றார்கள். பருப்பு, முட்டையைக் கண்டாலே ஒதுக்குகிறாள். இதற்கும் நீங்கள் சொல்லும் நொதிக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். உங்கள் குழந்தைக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைப் பார்க்காமல் விடக்கூடாது.

பெருமூளை வாதத்தில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு வளராது. நடந்த குழந்தை நடையை இழக்கிறது, பேசிய குழந்தை பேச்சை இழக்கிறது என்றால் வேறு காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். கல்லீரலில் இந்த நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாத ஆர்ஜினேஸ் 1 குறைபாடு அப்படி ஒரு காரணம். பிறந்தபோது குழந்தை நன்றாகவே இருக்கும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் கால் விறைப்பு தொடங்கும், வளர்ச்சி பின்தங்கும், சிலருக்கு வலிப்பும் வரும். புரத உணவைத் தானாகவே வெறுப்பது யூரியா சுழற்சி நோய்களில் நாங்கள் கவனிக்கிற அடையாளம். குழந்தை அடம்பிடிக்கிறது என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

ரத்தத்தில் அமினோ அமில அளவு பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய் இருந்தால் ஆர்ஜினின் பல மடங்கு ஏறியிருக்கும். அம்மோனியா மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று அனுப்பினால் திரும்பிக் கேளுங்கள். மற்ற யூரியா சுழற்சி நோய்கள் அளவுக்கு இதில் அம்மோனியா ஏறாது. உறுதி செய்ய, இந்த நொதிக்கான ஏஆர்ஜி1 என்ற மரபணுவின் சோதனை இருக்கிறது.

நோய் உறுதியானால் அளந்த புரத உணவு, நைட்ரஜனை வெளியேற்றும் மருந்துகள் என்று வழி இருக்கிறது. ஆர்ஜினினைக் குறைக்கும் பெக்சிலார்ஜினேஸ் என்ற ஊசிமருந்துக்கு 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தந்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் இழப்பைத் தடுக்கலாம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். ஒரு எச்சரிக்கை: நீங்களாகப் புரதத்தை நிறுத்தாதீர்கள், வளர்ச்சி நின்றுபோகும்.

ஜிம் போகிறேன். ஆர்ஜினின் பவுடர் நல்லதா?

வாயால் சாப்பிடும் ஆர்ஜினினில் பெரும்பகுதியைக் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஆர்ஜினேஸே வெட்டிவிடும். காசுக்கு ஏற்ற பலன் இல்லை.

அப்பாவுக்குப் போன மாதம் மாரடைப்பு வந்தது. ரத்த ஓட்டத்துக்கு ஆர்ஜினின் தரலாமா?

வேண்டாம். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மாரடைப்பு வந்த 153 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஆர்ஜினின் எடுத்த குழுவில் 6 பேர் இறந்தார்கள், மற்ற குழுவில் ஒருவரும் இல்லை. ஆய்வையே நிறுத்தினார்கள்.

ரத்த யூரியா 60. ஆர்ஜினேஸ் கூடிவிட்டதா?

இல்லை. சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள்.

ஆர்ஜினின் பவுடர் எந்த பிராண்ட் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன். இதய நோயாளி வீட்டில் இருந்தால் டப்பாவையே வாங்காதீர்கள்.

ஒரு வாசகர்: இந்த மாதிரி நோய்க்கெல்லாம் சொந்தத்தில் கல்யாணம்தான் காரணம் என்று பயமுறுத்துவது உங்களைப் போன்றவர்கள் வேலை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அத்தை மகன், மாமன் மகள்தான். எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

நன்றாக இருப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். நான் இன்னும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். தாய், தந்தை இருவரிடமும் ஒரே மரபணுவில் ஒரு பழுதான பிரதி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் மணந்தால் அந்தப் பிரதி இருவருக்கும் ஒரே பாட்டி, தாத்தாவிடமிருந்து வந்திருக்கக்கூடும்.

அதே வாசகர்: அப்போது வெளியில் கட்டினால் நோயே வராதா?

வரும். ஆனால் வாய்ப்பு குறைவு. அத்தை மகன், மாமன் மகள் தங்கள் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் நாலில் ஒரு பங்கு. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன, அதையும் மறுக்கவில்லை. கல்யாணம் முடிந்தவர்களைக் குற்றவாளி ஆக்குவது என் நோக்கமில்லை. முதல் குழந்தைக்கு நோய் வந்த வீட்டில் அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபியல் ஆலோசனை கேளுங்கள் என்கிறேன். உங்கள் மூன்று தலைமுறையில் யாரிடமும் அந்தப் பிரதி இல்லாமல் இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

கூடலூர் சுகாதாரப் பணியாளர்: எங்கள் பகுதியில் சிக்கிள் செல் (அரிவாள் அணு ரத்தசோகை) நோயாளிகள் உண்டு. அவர்களுக்கும் இதில் தொடர்பு உண்டா?

நல்ல கேள்வி. நீலகிரிப் பழங்குடிகளிடம் அந்த நோய் இருப்பதை 1952-லேயே பதிவு செய்தார்கள். அரிவாள் வடிவ சிவப்பணு உடையும்போது அதற்குள் இருக்கும் ஆர்ஜினேஸ் ரத்தத்தில் கொட்டி, ஆர்ஜினினைத் தின்றுவிடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூட இதுவும் ஒரு காரணம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நோயாளி சொன்னால் சோகை என்று மட்டும் விடாமல் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க அனுப்புங்கள்.

அந்தத் தாய் மறுபடியும்: நாளைக்கே மருத்துவமனை போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

மகள் நடந்த காலத்து வீடியோ போனில் இருந்தால் காட்டுங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி. அம்மோனியாவுக்கு ரத்தம் எடுத்ததும் குழாயை ஐஸில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், தாமதித்தால் அளவு பொய்யாக ஏறும். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துப் பதில் சொல்கிறேன்.